வருஷத்துக்கு ஒரு குத்து

ஒரகடம் சாலையில் மோட்டார் வைத்த எதுவும் அட்டை இல்லாமல் ஓடாது. கம்ப்ரஸருக்கு ஒரு அட்டை, கிரேனுக்கு ஒரு அட்டை, ஃபோர்க்லிஃப்டுக்கு ஒரு அட்டை. கடைசியாக ஆயில் மாற்றிய தேதி, அடுத்து மாற்ற வேண்டிய தேதி, பார்த்தவர் கையெழுத்து. கேன்டீனில் மாவரைக்கும் கிரைண்டருக்குக்கூட அட்டை உண்டு. பழுதான பிறகு பார்ப்பவன் மெக்கானிக், பழுதாகும் முன்னே பார்ப்பவன்தான் மெயின்டனன்ஸ் ஆள் என்று ஓர் உதிரிபாகக் கம்பெனியில் பல காலம் பையன்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். அந்த வளாகத்தில் அட்டை இல்லாமல் சுற்றிய ஒரே பழைய உருப்படி, பாடம் எடுத்தவர்தான்.

இப்போது ரிட்டயராகி ஸ்ரீபெரும்புதூரில் சொந்த வீட்டில் இருக்கிறேன். வயது அறுபத்தேழு. சர்க்கரையும் பிரஷரும் சர்வீஸில் இருக்கும்போது வந்து சேர்ந்தவை. என்னோடு சேர்ந்து ரிட்டயராக மறுத்துவிட்டன. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு இரண்டுக்கும் மாத்திரை வாசலுக்கே வந்துவிடுகிறது. சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர்தான் ஒருநாள் என் ஃபைலை மூடிக்கொண்டே, "மழைக்கு முன்னாடி ஃப்ளூ ஊசி ஒண்ணு போட்டுக்கங்க" என்றார்.

"சளிக்காய்ச்சலுக்கெல்லாம் ஊசியா டாக்டர்? கஷாயம் குடிச்சா ஏழு நாள்ல போயிடும். குடிக்கலன்னா ஒரு வாரத்துல போயிடும்."

"இந்த ஜோக்கை இன்னிக்கு நீங்க மூணாவது ஆளா சொல்றீங்க" என்றார் அவர், சிரிக்காமல். பிறகு, கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்து 2018இல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார். ஃப்ளூ என்று பரிசோதனையில் உறுதியானவர்களுக்கு, அந்த முதல் ஏழு நாளில் மாரடைப்பு வருவது மற்ற நாட்களைப் போல் ஆறு மடங்காம். "உங்க ஏழு நாள் அதுதான் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அந்த ஜோக்கை அதன்பின் நான் எங்கேயும் சொல்வதில்லை.

எங்கள் ஊரில் இருந்துகொண்டு இருமலிடமிருந்து தப்பிப்பது எளிதல்ல. என் வீட்டு மாடியில் பேச்சிலர் பையன்கள் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்து இருவர், ஜார்கண்டிலிருந்து ஒருவர், மற்றவர்கள் நம்ம விழுப்புரம், திருவண்ணாமலை. முதல் ஷிப்டுக்காரன் எழுந்து போன பாயில் நைட் ஷிப்டுக்காரன் வந்து படுப்பான். பாய் ஆறுவதே இல்லை. விடியற்காலையில் கம்பெனி பஸ் வரிசையாக வந்து நிற்கும். மழை நாளில் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டால், ஒருத்தன் தும்மினால் ஐம்பது பேருக்கும் பங்கு. இருங்காட்டுக்கோட்டையில் கொரியாக்காரர்கள், ஒரகடத்தில் ஜப்பான்காரர்கள், ஜெர்மானியர்கள். எந்த நாட்டில் என்ன சளி ஓடுகிறதோ, அதன் சாம்பிள் எங்கள் ஊருக்கு வந்துவிடும்.

ஃப்ளூ வைரஸுக்கு, அதைக் கண்டெடுத்த ஊரின் பெயரையே வைப்பது வழக்கம். ஹாங்காங், மிச்சிகன், விக்டோரியா, யமகட்டா என்று தடுப்பூசிப் பட்டியலில் எத்தனையோ ஊர்கள் இடம்பிடித்திருக்கின்றன. இத்தனை ஆலை வந்தும் ஒரகடத்தின் பெயரை அதில் நான் பார்த்ததில்லை. இறக்குமதியோடு சரி போலிருக்கிறது.

இறக்குமதியிலும் நம் பக்கம் பழைய கை. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து 'ரஜூலா' கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது பயணிகளோடு 'ஆசியக் காய்ச்சலும்' இறங்கியது. இந்தியாவுக்குள் அந்தக் கொள்ளைநோய் நுழைந்த வாசல் சென்னைதான். சில மாதங்களில் நாடு முழுக்கப் பரவி, பதிவான கணக்கில் மட்டும் 44 லட்சத்துக்கு மேற்பட்டோர் படுத்தார்கள்; ஆயிரத்துச் சொச்சம் பேர் இறந்தார்கள். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்த இன்ஃப்ளுவென்சா மையம்தான் அதை ஆராய்ந்தது. நான் பிறப்பதற்கு முந்தைய வருஷம் அது. அன்றைக்குச் சிங்கப்பூர்க் காய்ச்சல் கப்பலில் நாள்கணக்காக அசைந்து வந்தது. இன்றைக்கு மீனம்பாக்கத்தில் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் எங்கள் ஊர். டோல்கேட்டில் வரிசை இருந்தால் ஒன்றரை.

சரி, போட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. எங்கே போடுவது? பெரிய மெடிக்கல்ஸ் ஒன்றில் ஏறிக் கேட்டேன்.

"ஃப்ளூ ஊசி இருக்கா தம்பி?"

"பாப்பாக்கு எத்தினி மாசம் சார்?"

"எண்ணூத்தி நாலு."

பையன் தலை நிமிர்ந்தான். "உங்களுக்கா சார்? பெரியவங்களுக்கு யாரும் கேக்க மாட்டாங்க, அதனால ஸ்டாக் வெக்கிறதில்ல. குழந்தை டாக்டர் கிட்ட போங்க, கண்டிப்பா இருக்கும்."

அவன் சொன்னது உண்மை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வருஷா வருஷம் இந்த ஊசி போடச் சொல்லி இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைத்திருக்கிறது. அதனால் குழந்தை டாக்டரின் ஃப்ரிட்ஜில் இது எப்போதும் இருக்கும். ஃப்ளூவில் அதிகம் அடிபடுவது இரண்டு கோடியிலும் உள்ளவர்கள்: கைக்குழந்தைகளும் கிழவர்களும். குழந்தைகளுக்கு அம்மா இருக்கிறாள், தூக்கிக்கொண்டு வருகிறாள். கிழவர்களைத் தூக்கிக்கொண்டு வர ஆள் இல்லாததால் நமக்கு ஸ்டாக் இல்லை. கடைக்காரனைக் குறை சொல்லிப் பயனில்லை.

குழந்தை டாக்டரின் கிளினிக்கில் நாற்காலிகளெல்லாம் முழங்கால் உயரம். உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். சுவரில் ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டி உயரம் அளக்கக் காத்திருந்தது. ரிசப்ஷனில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"குழந்தை பேரு?"

சொன்னேன்.

"அம்மா பேரு?"

அதையும் சொன்னேன். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது, ஆனாலும் கேட்கும்போது சொல்ல நன்றாகத்தான் இருந்தது.

"பிறந்தப்ப எடை?"

"தராசு எடுத்துட்டு வரலியேம்மா. கனமா இருக்கான்னு மருத்துவச்சி சொன்னாளாம்."

அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது என்றாள். மூன்று கிலோ என்று இருவரும் பேசி முடித்தோம்.

காத்திருந்தபோது பக்கத்து மடியிலிருந்து ஒரு இரண்டு வயசு என்னையே உற்றுப் பார்த்தது. நான் சிரித்தேன். அது என் முகத்தில் நேராகத் தும்மியது. 1930களில் லண்டன் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் இதே போல் நடந்திருக்கிறது. ஃப்ளூ ஏற்றி வைத்திருந்த ஃபெரட் என்கிற, கீரி ஜாடையில் உள்ள பிராணி ஒன்று அங்கிருந்த ஆராய்ச்சியாளர் முகத்தில் தும்ம, அவர் காய்ச்சலில் படுத்தார். ஃப்ளூ என்பது ஒரு வைரஸ், அது தும்மலில் தாவும் என்பதற்கு அதைவிட நேரடிச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. அறிவியலுக்கு நான் செய்த பங்களிப்பைப் பற்றி அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. "பாரு, தாத்தா அழாம ஊசி போட்டுக்கப் போறாரு" என்று மட்டும் சொன்னாள். அந்த வினாடியிலிருந்து மொத்தக் கூடமும் என்னைக் கவனிக்கத் தொடங்கியது. சம்பள உயர்வுப் பேச்சுவார்த்தையில்கூட எனக்கு அவ்வளவு நெருக்கடி இருந்ததில்லை.

உள்ளே போனதும் பழைய தொழில் தலை தூக்கிவிட்டது. ஃப்ரிட்ஜில் தெர்மாமீட்டர் இருக்கிறதா, 2க்கும் 8 டிகிரிக்கும் நடுவில் நிற்கிறதா, பெட்டியில் பேட்ச் நம்பர் என்ன, எக்ஸ்பயரி எப்போது, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டேன். தடுப்பூசி சூட்டிலும் கெடும், உறைந்தாலும் கெடும். கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

"சார் டிரக் இன்ஸ்பெக்டரா?" என்றாள் சிஸ்டர்.

"மெயின்டனன்ஸ்."

"எங்க ஏசி கூட ரொம்ப நாளா ஒழுகுது சார்."

சட்டைக் கையைச் சுருட்டியபோது மேற்கையில் இருந்த வட்டத் தழும்பைப் பார்த்து, "இது இன்னா தாத்தா?" என்று கேட்டாள். அம்மை குத்தினது என்றேன். அவள் பார்த்ததில்லை. பார்த்திருக்க முடியாது, பெரியம்மை இந்தியாவை விட்டு 1970களிலேயே போய்விட்டது, 1980இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்துவிட்டார்கள். அந்தக் குத்தலுக்குக் கை வாரக்கணக்கில் புண்ணாகிச் சீழ் வைக்கும். அதற்கு இது எறும்புக் கடிகூட இல்லை. அரை மில்லி மருந்து. "போடுங்கம்மா" என்றேன். "போட்டாச்சு தாத்தா" என்றாள்.

முதன்முறையாகப் போட்டுக்கொள்ளும் குழந்தை ஒன்பது வயதுக்குக் கீழே இருந்தால் நான்கு வாரம் கழித்து இன்னொன்று போட வேண்டும். எனக்கு ஒன்றே போதும். வயதானதில் கிடைத்த அபூர்வமான சலுகை. லாலிபாப் நீட்டினார்கள், சர்க்கரை என்றதும் பிடுங்கிக்கொண்டு மஞ்சள் வாத்து ஸ்டிக்கர் கொடுத்தார்கள். கூடவே ஓர் அட்டை. அதில் எடை, உயர வளைகோடு அச்சிட்டிருந்தது, என் புள்ளியை வைக்க வேண்டுமானால் பக்கத்து மேஜையில் வைக்க வேண்டும். ஆனால் கீழே ஒரு கட்டம்: போட்ட தேதி, அடுத்த தேதி, கையெழுத்து. கம்ப்ரஸருக்கு நிகராகிவிட்டேன்.

ராத்திரி கை கொஞ்சம் வலித்தது, உடம்பு லேசாகச் சுட்டது.

"ஏங்க, காய்ச்சல் வரக்கூடாதுன்னு காசு குடுத்துட்டு, காய்ச்சல வாங்கிட்டு வந்திருக்கீங்களா?" என்றாள் மனைவி.

இந்த ஊசியில் இருப்பது கொன்று, துண்டாக்கிய வைரஸ். அதனால் ஃப்ளூ வராது. உடம்பு ஆயுதம் எடுத்துப் பழகுவதில் வரும் சூடு இது, ஓரிரு நாளில் போய்விடும் என்று விளக்கினேன். அவள் முழுதும் கேட்டுவிட்டு நிலவேம்புக் கஷாயம் கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். வீட்டு அரசியல் வேறு, நோய்த்தடுப்பு வேறு.

மறுநாள் எதிர்வீட்டு ஐயங்கார் ஸ்வாமி திண்ணைக்கு வந்தார். ஆதிகேசவப் பெருமாள் கோயில் காரியங்களில் கிடப்பவர், எழுபத்துநாலு வயது, பூண்டு வாசனைக்கே தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறவர். அவருடைய பேரன் போனில் பார்த்து ஒரு செய்தி சொல்லியிருக்கிறான்.

"ஸ்வாமி, அந்த ஊசி முட்டையிலேர்ந்து பண்றதாமே?"

மறைக்க முடியவில்லை. உலகில் போடப்படும் ஃப்ளூ ஊசியில் பெரும்பகுதி இன்னும் கோழிமுட்டையில்தான் விளைகிறது. கரு வளரத் தொடங்கிய முட்டையின் ஓட்டில் துளையிட்டு வைரஸை உள்ளே விடுகிறார்கள். அது இரண்டு மூன்று நாள் பெருகியதும், உள்ளே இருக்கும் நீரை எடுத்து, வைரஸைப் பிரித்து, கொன்று, சுத்தம் செய்கிறார்கள். எண்பது வருஷப் பழைய முறை. நம்ம நாமக்கல் முட்டை இதற்கு ஆகாது, அது சேவல் படாத முட்டை. இதற்கென்று தனிப் பண்ணை, தனிக் காவல். முட்டையே இல்லாமல் செல்களில் வளர்க்கும் ஊசியும் வெளிநாடுகளில் உண்டு, எங்கள் ஊர்க் கிளினிக்கில் கேட்டபோது அது இல்லை என்றார்கள். இவ்வளவையும் சொன்னேன்.

அவர் வெகுநேரம் யோசித்தார். "ஸ்ரீராமானுஜர் 1017இல் இந்த ஊரில் அவதரிச்சார். நூற்றிருபது திருநட்சத்திரம் எழுந்தருளியிருந்தார்னு பெரியவா சொல்லுவா. எந்த ஊசியும் போட்டுண்டதா கேள்விப்படலை."

"அவர் காலத்துல கம்பெனி பஸ் இல்லியே ஸ்வாமி."

அதற்கும் யோசித்தார். பிறகு, "வாய் வழியா ஒண்ணும் போகாதே?" என்று கேட்டார். போகாது என்றேன். "நாக்குக்குத் தெரியாதது நமக்குத் தெரியாது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுக் கிளினிக் எங்கே என்று விசாரித்தார். அடுத்த வாரம் அவர் வீட்டுக் கதவிலும் மஞ்சள் வாத்து.

என்னை அசைத்துப் பார்த்தவன் மகன்தான். கார்க் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறான். பத்து லட்சத்துக்கு 3.4 தப்புக்கு மேல் போகக் கூடாது என்று சாப்பாட்டு மேஜையிலும் பேசுகிறவன்.

"எத்தன பர்சன்ட் வேலை செய்யும்ப்பா?"

"வைரஸும் ஊசியும் பொருந்தி வந்தா நாப்பதுலேர்ந்து அறுபது வரைக்கும். வயசானவங்களுக்கு அதுலயும் கொஞ்சம் குறையும்."

"எங்க வெண்டர் யாராச்சும் அப்படி சப்ளை பண்ணா கேட்டுக்கு உள்ளயே விட மாட்டோம்."

அவன் கணக்கு இரும்புக்குச் சரி. இரும்பு, அளந்த பிறகு உருவம் மாறாது. ஃப்ளூ வைரஸ் வருஷா வருஷம் மாடல் மாற்றுகிறது, பழைய ஊசி புதிய மாடலை அடையாளம் காணாது. அதனால்தான் வருஷத்துக்கு ஒரு குத்து. உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் ஒருதரம் வடகோளத்துக்கு, செப்டம்பரில் ஒருதரம் தென்கோளத்துக்கு, அடுத்த சீசனில் எந்த வைரஸ் ஓடும் என்று கணித்துச் சொல்கிறது. அதன் பிறகு முட்டை தேடி, வளர்த்து, நிரப்பி அனுப்ப ஆறு மாதம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு முந்தைய ஃபோர்காஸ்டை நம்பி உற்பத்தி செய்து, பாதிக்குப் பாதி சரியாக வருகிறதென்றால், எங்கள் பிளானிங் டிபார்ட்மென்ட்டை நினைத்துப் பார்க்கிறபோது, நான் அவர்களுக்கு மாலை போடுவேன். ஊசியை மீறி ஃப்ளூ வந்தாலும் ஆஸ்பத்திரியில் படுக்கும் அளவுக்குப் போகிற ஆபத்தைக் குறைக்கிறது. எனக்கு வேண்டியது அதுதான். எனக்கு டிரிப் ஆகாமல் ஓடினால் போதும், அவார்டு வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை. ஊசியில் நான்கு வகை வைரஸ் இருந்துவந்தது. அதில் 'பி யமகட்டா' என்கிற வகை, கொரோனாவுக்காக உலகமே முகக்கவசம் கட்டிக் கதவைச் சாத்திய 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் தட்டுப்படவில்லை. இனி அதைச் சேர்க்க வேண்டியதில்லை என்று 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் பெரிய செல்போன் ஆலை 2014இல் மூடியதைப் பார்த்திருக்கிறோம். ஒரு வைரஸ் கடையைக் கட்டியதை இப்போதுதான் பார்க்கிறேன். அதற்கு மட்டும் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இனி பணம். ஊசிக்கும் டாக்டருக்குமாகச் சேர்த்து இரண்டாயிரத்தைத் தொட்டுவிட்டது. மகனுடைய கம்பெனி இன்ஷூரன்ஸில் நானும் மனைவியும் இருக்கிறோம். கேட்டுப் பார்த்தான். ஃப்ளூ முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தால் லட்சக்கணக்கில் உண்டு, வராமல் தடுக்கிற ஊசிக்குப் பைசா கிடையாது என்று பதில் வந்தது. நான் வேலை பார்த்த நாளில் இப்படி ஒரு மெயின்டனன்ஸ் பாலிசி எழுதிக் கொடுத்திருந்தால் அன்று மாலையே கணக்கை முடித்து அனுப்பியிருப்பார்கள். மாடிப் பையன்களில் ஒருவன் கம்பெனியில் ஃப்ளூ ஊசி முகாம் நடந்ததாம். பெர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும். கான்ட்ராக்ட் பையன் இவன், அதே பஸ்ஸில் அதே சீட்டில் பெர்மனென்ட் ஆளோடு உட்கார்ந்துதான் வீடு திரும்புகிறான்.

அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைக்குப் போலியோ முதல் அம்மை வரை இலவசம். கிழவனுக்கு ஃப்ளூ ஊசி தேசியத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. ஹெச்3என்2 ஃப்ளூ பரவிய 2023 மார்ச்சில் தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் ஆயிரம் காய்ச்சல் முகாம் நடத்தினார்கள். வந்த பிறகு ஓடுவதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. தென் கொரியாவில் 65 வயது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியை அரசே வருஷா வருஷம் இலவசமாகப் போடுகிறது. எங்கள் ஊருக்குக் கொரியாவிலிருந்து கார் ஆலை வந்தது, டிவி ஆலை வந்தது, கொரிய எழுத்தில் போர்டு மாட்டிய ஹோட்டல் வந்தது, கிம்ச்சி வந்தது. இந்த ஒன்றை மட்டும் இன்னும் கன்டெய்னரில் ஏற்றவில்லை. மாத்திரையை வாசலுக்குக் கொண்டுவரத் தெரிந்த தமிழ்நாட்டுக்கு, அதே பையில் ஓர் ஐஸ் பெட்டி வைத்து இதையும் கொண்டுவருவது ஆகாத காரியமில்லை.

அதுவரை நாமேதான் போக வேண்டும். சென்னை, வேலூர் பக்கம் ஃப்ளூ ஏறுவது அக்டோபர், நவம்பரில். ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் முழுப் பலன். எனவே விநாயகர் சதுர்த்திக் கொழுக்கட்டை தீர்ந்ததும் கிளம்பிவிடுங்கள். காய்ச்சல் இருந்தால் தணிந்த பிறகு போங்கள். முன்பு ஏதாவது தடுப்பூசி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலையில் போங்கள்; சாயங்காலம் போனால் பள்ளிக்கூடம் விட்டு வந்த கூட்டத்தில் முழங்கால் உயர நாற்காலிகூடக் கிடைக்காது. பிறந்த எடை கேட்டால் மூன்று கிலோ என்று சொல்லுங்கள்.